பதினேழாம் எண்ணின் இரண்டாம் பதிவு

கதிர்வேல் அன்றைக்கு என்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பெரிய பொய்கூட வேண்டாம், கேட்டதற்கு "ஆமாங்க" என்று தலையாட்டியிருந்தால் போதும். எடப்பாடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் "ஆமாங்க" என்றுதான் சொல்வார்கள். நான் போன அந்தத் திங்கட்கிழமை பார்த்து இவனுக்கு உண்மை பேச வந்துவிட்டது.

என் பெயர் உஷாராணி. மூளை ஆராய்ச்சி என் வேலை. பெங்களூரில் ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்தில் பதினோரு வருஷமாக 'திட்ட விஞ்ஞானி' என்ற பெயரில் ஒப்பந்தத்தில் இருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும். புரொபசருடைய ஆய்வகத்தில், புரொபசருடைய திட்டத்தில், புரொபசருக்கு மனசு இருக்கும்வரை இருக்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம். கட்டுரையை நான் எழுதுவேன், பெயர் வரிசையில் ஆய்வின் தலைவருக்கு உரிய கடைசி இடத்தில் அவர் பெயர் இருக்கும். மாநாட்டில் அவர் பேசவேண்டியதை நான் தயார் செய்வேன். அவருக்குத் தொண்டை சரியில்லை என்றால் நானே போய்ப் பேசிவிட்டும் வருவேன். அச்சில் மட்டும் பேசியது அவர்.

கணவர் மணிமாறன் சேலத்தில் கூட்டுறவு வங்கியில் இருக்கிறார். மகள் நித்யஸ்ரீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் நான் பெங்களூர் போனேன். இப்போது அவள் பிளஸ் டூ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பஸ், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பஸ், அவ்வளவுதான் நான் அவளுக்கு அம்மாவாக இருந்தது. அவள் வயதுக்கு வந்த செய்தியையே எனக்குப் போனில்தான் சொன்னார்கள்.

இதிலிருந்து வெளியே வர ஒரே ஒரு கதவு இருந்தது. என்னைப் போல நடுவயதில் இன்னொருவர் ஆய்வகத்தில் மாட்டிக்கொண்ட மூளை ஆராய்ச்சியாளர்களைத் தனியாக நிற்க வைப்பதற்கென்றே ஒரு ஃபெலோஷிப். ஐந்து வருஷச் சம்பளம், கருவிகள், கூட வேலை செய்ய ஆட்கள், விரும்பிய ஊரில் சொந்த ஆய்வகம். சேலத்தில் ஒரு கல்லூரி எனக்கு இரண்டு அறை தருவதாகக் கடிதமே கொடுத்துவிட்டது. விண்ணப்பிக்கும் நாளில் நாற்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது என்பது விதி. எனக்கு அன்று நாற்பத்து நான்கும் பதினோரு மாதமும். இன்னொரு முறை என்பது எனக்கு இல்லை. புரொபசர் ஒரு கடிதம் தரவேண்டும், இந்த ஆய்வு இவளுடையது, இதை இனி இவளே நடத்துவாள் என்று. அது நேராகக் குழுவுக்குப் போய்விடும், நான் பார்க்க முடியாது. "பிரமாதமா எழுதிட்டேன் உஷா" என்றார். நாடு முழுக்கப் பன்னிரண்டு பேரை நேர்காணலுக்கு அழைத்தார்கள். நான்கு பேருக்குக் கிடைக்கும். எனக்கு வியாழக்கிழமை காலை பதினோரு மணி.

ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், அது கஷ்டமில்லை. தறிப்பட்டறைக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. ஆனால் பழைய தறிக்காரர் ஆறு தறியை ஓட்டிக்கொண்டே முதுகுப் பக்கம் ஒரு தறியின் அடி தப்பினால் சட்டென்று திரும்புவார். அந்த இரைச்சலுக்குள் அந்த ஒரு பிசகு அவர் காதுக்கு எப்படி எட்டுகிறது? தலையில் கம்பிகள் வைத்த தொப்பியை மாட்டி, பட்டறைச் சத்தத்தைக் காதில் போட்டு, நடுநடுவே ஒரு தறியின் அடியைப் பிசக வைத்தால், அவர் கவனிக்காமல் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் மூளை மட்டும் திடுக்கிடும். திரையில் ஒரு சின்ன அலை எழும். புதிதாகத் தறிக்கு வந்தவருக்கு அந்த அலை கிடையாது. அப்படியானால் அது எத்தனை நாளில் வருகிறது, வளர்ந்த மனிதனின் மூளை எவ்வளவு வேகமாகப் புதிய காதைக் கட்டிக்கொள்கிறது? இதுதான் என் கேள்வி. நான் சங்ககிரிக்காரி, இந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். இது புரொபசர் தலையில் உதித்த கேள்வி இல்லை.

போன வருஷம் ஜூனில் எடப்பாடியில் புதிதாகத் தறிக்கு வந்த இருபத்திரண்டு பேரைப் பதிவு செய்தேன். ஒன்பது மாதம் கழித்து மார்ச்சில் அதே இருபத்திரண்டு பேரை மறுபடியும் பதிவு செய்யவேண்டும். அந்த மார்ச்சில் புரொபசருடைய வருடாந்திர அறிக்கையை எழுத நான் பெங்களூரில் உட்கார்ந்துவிட்டேன். உதவி ஆய்வாளர் நவீன்குமாரை அனுப்பினேன். வந்த முடிவு என்னையே பயமுறுத்தியது. பத்துப் பேருக்கு மேல் அலை வந்திருந்தது. அதிலும் பதினேழாம் எண்ணுக்கு வந்தது இருபது வருஷத் தறிக்காரருக்கு வருகிற அலை. ஒன்பதே மாதத்தில்! அந்த வரைபடம்தான் என்னை அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக்கியது.

பதினேழாம் எண்தான் கதிர்வேல்.

நேர்காணலில் காட்ட, பங்கேற்ற ஒருவருடைய படமும் அவர் ஒப்புதலும் வேண்டும் என்று குழுவிலிருந்து கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் திங்கட்கிழமை தொப்பியை எடுத்துக்கொண்டு எடப்பாடி போனேன். கதிர்வேல் வீட்டில் இருந்தான். இருபத்திரண்டு வயது, வெயிலில் கறுத்துப்போய், ஜூனில் பார்த்ததைவிடத் தோள் அகன்றிருந்தான். தறிக்காரர்கள் நிழலில் வேலை செய்கிறவர்கள், வெளுத்துப்போவார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ரெண்டு தடவை போட்ட தொப்பிதான், இன்னொரு தடவை போட்டுக்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றேன்.

"ஒரு தடவைதானுங்களே மேடம் போட்டேன்?"

"ரெண்டு தடவை. போன வருசம் ஜூன்ல ஒண்ணு, இந்த மார்ச்சுல ஒண்ணு."

"மார்ச்சுல நான் எங்கீங்க இங்க இருந்தேன்? தறிக்கு ரெண்டு மாசம் போனனுங்க, ஒத்து வரல. போர்வெல் ரிக் வண்டிக்குப் போயிட்டேன். மார்ச்சுல சத்தீஸ்கர்ல போர் போட்டுட்டு இருந்தோம்."

தொப்பியை மடியில் இறக்கி வைத்தேன். "அப்ப உம் பேர்ல ஆரு வந்து உக்காந்தாங்க?"

"சித்தப்பாவை அனுப்புனனுங்களே!" அவனுக்கு நான் எதற்காகக் குரலை உயர்த்துகிறேன் என்று புரியவில்லை. "நான் இல்லீன்னு உங்க வேலை கெட்டறக் கூடாதில்லீங்களா? தலைல எண்ணெ இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு எங்கம்மாகிட்டச் சொல்லி ஷாம்பு பாக்கெட்டு வாங்கிக் குடுக்கச் சொன்னனுங்க. சித்தப்பா சுத்தமாத் தலைக்கு ஊத்திட்டுத்தான் வந்தாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்ல பையன். அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது.

சித்தப்பா மாதையனை எனக்குத் தெரியும். அடுத்த தெருப் பட்டறையில் இருபத்தோரு வருஷமாகத் தறி ஓட்டுகிறவர். ஆட்களைச் சேர்த்துக்கொடுத்து முதல் பதிவுக்கே எனக்கு உதவியவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை வாசலில் அவரைப் பிடித்தேன். தலையெல்லாம் பஞ்சு. மீசையிலும் பஞ்சு.

"எத்தனை பேருங்ணா?" என்றேன்.

"என்னங் மேடம்?"

"பேரு ஒருத்தர், ஆளு ஒருத்தரா எத்தனை பேர் வந்தாங்க?"

அவர் விரல் விட்டு எண்ணினார். மறைக்கிற முகமே இல்லை. "ஒம்பது பேருங்க. நவீன் தம்பி லிஸ்டை அனுப்பிச்சு, இருவத்திரண்டு பேரும் வந்தே ஆகோணும்னு சொன்னாரு. அதுல அஞ்சு பேரு தறிய உட்டே போயிட்டானுங்க. ரிக்குக்கு, திருப்பூருக்குன்னு. நாலு பேருக்கு அன்னிக்குன்னு பாத்துக் காச்சல், ஒறம்பரை ஊட்டுக் கல்யாணம். ஒருத்தர் கொறஞ்சாலும் வேலை கெட்டுப்போகும்னு நீங்கதான சொல்லிட்டுப் போனீங்க? அதான் ஒம்பதுக்கும் மாத்தாள் போட்டு அனுப்பிச்சேன்."

மாத்தாள் என்பது பட்டறை வழக்கம். ஷிப்டுக்கு வர முடியாதவன் தன் பேரில் இன்னொருவனை அனுப்பவேண்டும். தறி நிற்கக் கூடாது. அனுப்பாமல் நின்றுகொண்டால்தான் கெட்ட பேர். அனுப்பியவனை யாரும் குற்றம் சொல்வதில்லை, ஓட்டியது யார் என்று முதலாளியும் கேட்பதில்லை.

"சும்மா ஆளுங்க இல்லீங்க" என்று மாதையன் குரலைத் தாழ்த்தினார், எனக்கு மட்டும் சொல்கிற சந்தோஷச் செய்தி போல. "ஒம்பது பேருமே பத்து வருசத்துக்கு மேல தறி ஓட்டுனவங்க. உங்க மிசின்ல நல்லா வரோணுமேன்னு பாத்துப் பாத்துத்தான் அனுப்பிச்சேன். நல்லா வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க" என்றேன். வேறென்ன சொல்ல? என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக எதுவும் வந்ததில்லை.

அங்கிருந்து நடந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு பேக்கரிக்குள் போய் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். மாதையன் சொன்ன ஒன்பது பேரின் எண்களையும் கணக்கிலிருந்து எடுத்தேன். மீதிப் பதின்மூன்று பேரை மட்டும் வைத்துக் கணக்கை ஓட்டினேன். வரைபடம் படுத்துவிட்டது. அலை வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. யாராவது மாணவி அதை என்னிடம் கொண்டுவந்திருந்தால் 'இதுல ஒண்ணும் இல்லம்மா' என்று திருப்பி அனுப்பியிருப்பேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. இரண்டு முறை மறுபடி ஓட்டினேன். கணினிக்கு இரக்கம் வரும் என்று நினைத்தேனோ என்னவோ.

நவீன்குமாரைக் கூப்பிட்டுக் கத்தினேன். "அக்கா, நான் பேர் கூப்பிட்டேன், ஆமாங்கன்னு சொன்னாங்க, உக்கார வெச்சேன்" என்றான். அவன் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் ஆத்தூர்க்காரன், இவர்கள் யாரையும் முன்பின் பார்த்ததில்லை. ஆதார் அட்டையைப் பார்க்கவேண்டாம் என்று சொன்னதே நான்தான். அட்டை கேட்டால் சனம் மிரளும், நம்ம ஊர் ஆட்கள், பொய் சொல்ல மாட்டார்கள் என்று சொன்னேன். அவர்கள் சொல்லவும் இல்லை.

பிறகு புரொபசரைக் கூப்பிட்டேன். முழுசாகக் கேட்டார்.

"உஷா, வியாழக்கிழமை வரைக்கும் இது உங்களுக்குத் தெரியாத விஷயம். புரியுதா? ஃபெலோஷிப் கைக்கு வரட்டும். அப்புறம் முதலிலிருந்து புதுசா பதிவு பண்ணிக்கலாம். யார் கேட்கப் போறாங்க?"

"தெரிஞ்சுபோச்சே சார்."

"எனக்கும்தான் இப்போ தெரிஞ்சுபோச்சு. நான் மறந்துடலையா?" என்று சிரித்தார். அப்புறம், டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிவதை ஞாபகப்படுத்தினார். மிரட்டவில்லை, சும்மா ஞாபகப்படுத்தினார்.

அன்று சாயங்காலம் சேலம் வீட்டுக்கு வந்து மணிமாறனிடம் சொன்னேன். அவர் தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். "நீ சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியும்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாத, அது சினிமா வசனம்" என்றார். அப்புறம் அவரே, "பதினோரு வருசம் உஷா" என்றார். தோசைக்கல்லை மறுபடி அடுப்பில் ஏற்றினார். உள்ளே நித்யஸ்ரீ யாரிடமோ போனில், "எங்கம்மா அடுத்த வருசம் இங்கயே வந்துருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றுதான் சொல்லவேண்டும். ஒன்பதில் நான்கு பேர் அன்று ஒரு நாள் வராதவர்கள், இன்னும் தறியில்தான் இருக்கிறார்கள். அந்த நான்கு பேரையும் இப்போது பதிவு செய்தால்? பதின்மூன்றோடு நான்கு, பதினேழு உண்மையான ஆட்கள். அந்த நால்வருக்கும் நல்ல அலை வந்துவிட்டால் வரைபடம் எழுந்து உட்காரும். ஒன்பது மாதம் என்பது பதினேழு மாதமாகும், ஆகட்டும், அதைச் சொல்லிக்கொள்ளலாம். நவீன்குமாரைக் கருவியோடு பஸ் ஏறச் சொன்னேன். எடப்பாடியில் ஒரு டியூஷன் சென்டர் அறையைக் கெஞ்சி வாங்கினேன். நான்கு வீட்டுக்கும் நானே போய், நாளைக் காலையில் நீங்களே, நீங்கள்தான், வேறு யாரும் இல்லை, என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு வீட்டம்மா என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

புதன்கிழமை காலை நால்வரும் வந்தார்கள். ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கி முகத்தோடு வைத்துப் பார்த்தேன். அவர்கள் முகம் சுருங்கிப்போனது எனக்குத் தெரிந்தது. அதிலும் ஒருவன் புதன்கிழமையாயிற்றே என்று தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். எண்ணெய்த் தலையில் கம்பி பிடிக்காது. குழாயடியில் உட்கார வைத்து, நாற்பத்தைந்தைத் தொட்டுவிட்ட டாக்டர் பட்டக்காரி நான், அவன் தலையில் ஷாம்பு போட்டுத் தேய்த்துவிட்டேன். அவன் கூச்சத்தில் நெளிந்தான். எனக்குக் கூச்சம் நாச்சம் எதுவும் மிச்சமில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு முடிவு தெரிந்தது. இருவருக்கு அலை வந்தது. இருவருக்கு வரவில்லை. ஷாம்பு போட்டவனுக்கு வரவில்லை. பதினேழு பேரையும் சேர்த்து ஓட்டினேன். வரைபடம் ஒரு பக்கமாகத் தலையைத் தூக்கிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாதையன் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்க்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எங்கயோ கொளறிட்டமுங்களா, அம்மிணி?"

மேடம் அம்மிணியாகிவிட்டிருந்தேன். "பாக்கி அஞ்சு பேரு இல்லீங்களே" என்று மட்டும் சொன்னேன்.

"அட, அஞ்சு பேருதானுங்களா? இதுக்கா இத்தனை வெசனம்?" அவர் முகம் தெளிந்தது. "இப்பவே போய்க் கூட்டியாறேன். போன தடவ பழைய ஆளுங்களா அனுப்பிச்சதுதான் தப்பாப் போச்சு போலிருக்கு. இந்தத் தடவ அந்தந்தப் பசங்க வயசுக்கே பாக்கறேன். ரெண்டு வருசம் தறி ஓட்டுன பசங்க இருக்கறானுங்க. அட்டை வேணும்னாலும் அவனவன் ஊட்டுல கேட்டு வாங்கியாந்தர்றேன். நீங்க யாரு பேரைச் சொல்றீங்களோ அந்தப் பேருல உக்காருவானுங்க."

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஐந்து பேர், ஒருவருக்கு நாற்பது நிமிஷம், சாயங்காலம் ஆறு மணிக்குள் முடிந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. நவீன்குமார் கம்பிகளுக்குத் தடவுகிற ஜெல் டப்பாவை மூடாமல் என் வாயையே பார்த்தான்.

"நீங்க அன்னிக்குக் கதிர்வேலு பேர்ல உக்காந்தப்ப எப்படி இருந்துச்சுங்ணா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"பயமாத்தானுங்க இருந்துச்சு. எம் பேருன்னா தப்பாப் போனா எனக்குத்தான். இது அவன் பேராச்சே. கண்ணைக்கூட இமைக்காம உக்காந்திருந்தேன்."

எனக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரியும். பதினோரு வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன், இன்னொருவர் பேரில், அவர் பேருக்குக் கெடுதல் வரக்கூடாதே என்று. இந்த மனிதர் நாற்பது நிமிஷத்தில் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். நான்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"வேண்டாங்ணா" என்றேன். அவருக்குக் கோபித்துக்கொண்டேன் என்று தோன்றியிருக்க வேண்டும். தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

இதோடு நான் திருந்திவிட்டேன், மறுநாள் நேர்காணலில் உண்மையைச் சொல்ல முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. புதிதாகப் பொய் செய்ய மாட்டேன், பழைய பொய்யை நான் செய்யவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இருபத்திரண்டு பேரும் இருக்கிற பழைய வரைபடத்தோடுதான் வியாழக்கிழமை காலை கணினி முன் உட்கார்ந்தேன். நித்யஸ்ரீ பள்ளிக்குப் போகும் முன் என் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தாள்.

திரையில் ஐந்து முகங்கள். பன்னிரண்டு நிமிஷம் பேசினேன். நன்றாகவே பேசினேன். இன்னொருவருக்காகப் பேசிப் பேசிப் பழகின வாய். பதினேழாம் எண்ணின் வரைபடம் வந்தபோது ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் குனிந்து பார்த்தார். கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்போது தோன்றியது. வயிறு குளிர்ந்தது.

அப்புறம் நரைத்த தலை அம்மா ஒருவர், குழுவின் தலைவர், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உங்கள் புரொபசர் கடிதத்தில் உங்களை மிகவும் பாராட்டியிருக்கிறார். இந்தக் கேள்வியே தன்னுடையது என்றும், இரண்டாம் பதிவு முழுவதையும் எடப்பாடியில் தானே நேரில் இருந்து மேற்பார்வை செய்ததாகவும், பதினேழாம் எண்ணின் முக்கியத்துவத்தைக் கண்டுபிடித்ததும் தான் என்றும் எழுதியிருக்கிறார். நீங்கள் திறமையாகச் செய்து முடித்தீர்களாம். இந்த ஃபெலோஷிப் தனியாக நிற்கக்கூடியவர்களுக்கானது. அதனால் கேட்கிறேன், இதில் உங்களுடையது எது?"

எனக்கு முதலில் காது அடைத்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது, உள்ளங்காலிலிருந்து. எடப்பாடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அந்த ஆளுக்குத் தெரியாது. என் கேள்வி, என் ஊர், என் சத்தம், நான் போய்க் கும்பிட்டுக் கூட்டிவந்த சனம், எல்லாவற்றிலும் பேர் எழுதிக்கொண்டுவிட்டார். எதைக் காட்டி இது என்னுடையது என்று நிரூபிப்பேன்? கட்டுரையில் அவர் பெயர். திட்டத்தில் அவர் பெயர். அவர் கை வைக்காதது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"தவறு என்னுடையது" என்றேன்.

அவர்களுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். ஒன்பது பேர் வேறு ஆட்கள் என்பதை, பதினேழாம் எண் அந்த மார்ச் மாதம் சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்ததை, நீங்கள் பார்த்த அலை இருபத்தோரு வருஷம் தறி ஓட்டிய அவன் சித்தப்பாவினுடையது என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். "அட்டையைப் பார்க்கவேண்டாம் என்று முடிவெடுத்தது நான். புரொபசர் ஒரு நாளும் அங்கே வந்ததில்லை. வந்ததாக எழுதியிருந்தால் அது பொய். இந்தத் தவறில் அவருக்கு எந்தப் பங்கும் கிடையாது, முழுக்க முழுக்க நான் தனியாகச் செய்தது." பல வருஷம் கழித்து என் பேரில் நானே பேசினேன்.

ஐந்து பேரும் அசையாமல் இருந்தார்கள். இணைப்பு நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். அந்த அம்மாதான் கடைசியில் பேசினார். "இப்படி ஒருவர் வந்து சொல்லி நான் கேட்டதில்லை. கேள்வி மிக நல்ல கேள்வி. சரியாகப் பதிவு செய்துகொண்டு அடுத்த வருஷம் கட்டாயம் விண்ணப்பியுங்கள்." அன்பாகத்தான் சொன்னார். என் பிறந்த தேதி அவர் முன்னால் இருந்த காகிதத்திலேயே இருந்திருக்கும், அவர் பார்க்கவில்லை.

தேர்வான நான்கு பேர் பட்டியல் அடுத்த புதன்கிழமை வந்தது, அதில் நான் இல்லை. அதற்கு முந்தின நாளே பெங்களூரிலிருந்து கடிதம் வந்துவிட்டது, டிசம்பருக்குப் பிறகு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது, கருவிகளையும் எடப்பாடிப் பதிவுகளையும் ஒப்படைக்கவும் என்று. நான் பேசியது யார் மூலமாகவோ புரொபசர் காதுக்கு எட்டியிருந்தது. போன் செய்தேன், எடுக்கவில்லை. மணிமாறன் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தார். நித்யஸ்ரீ, "அப்ப நீ வீட்டுலதான இருப்ப?" என்று கேட்டாள். சந்தோஷமாகக் கேட்கிறாளா, என்னைத் தேற்றக் கேட்கிறாளா என்று தெரியவில்லை. மகளின் முகத்தைப் படிக்க நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் சமையலறையில் இருந்தபோது மாதையன் கூப்பிட்டார். பின்னால் பட்டறைச் சத்தம் இல்லை. வெளியே வந்து நின்று பேசுகிறார் போலும்.

"அம்மிணி, நான் மாதையன் பேசறனுங்க. தொந்தரவுங்களா?"

"இல்லீங்ணா, சொல்லுங்க."

"அன்னிக்கு நீங்க போன மொகமே செரியில்லீங்க. எனக்குப் பத்து நாளாச் சோறு எறங்கல. கதிர்வேலும் கேட்டுட்டே இருக்கறான். நவீன் தம்பி சொன்ன அந்தப் பரீட்சை முடிஞ்சுதுங்களா? எங்களால உங்களுக்கு ஏதாச்சும் கெட்டுப்போச்சுங்களா?"

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. அணைத்தேன். ஐந்து பெரிய மனிதர்களிடம் சொன்ன உண்மையை இந்த ஒருவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லவே இல்லீங்ணா. எல்லாம் நல்லபடியா வந்துருச்சு. எனக்கே குடுத்துட்டாங்க."

"அப்பாடா!" அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. யாரிடமோ திரும்பி, "கெடச்சுருச்சாம்டா!" என்றார். "நம்ம பக்கத்துப் புள்ள, உடுவோமுங்களா? இனிமே எப்ப வேணும்னாலும் ஒரு போன் போடுங்க அம்மிணி. ஒரு ஆளு கொறையாம நான் அனுப்பி வெக்கறேன்."

"சரிங்ணா, சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.